வேதாளருக்கு மரியாதை, நீலிக்குப் பேய்ப் பட்டம்: சூப்பர்ஹீரோ கதைகளில் பெண்கள் எப்படி வரையப்பட்டார்கள்?

நைட் ஷிப்ட் முடிந்து சுங்குவார்சத்திரம் பக்கம் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டு வருவார்கள். மீதிப் பேர் கையில் செல்போன். ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்பகுதியில் செல்போன் அசெம்பிளி லைனில் நிற்பவர்களில் பெரும்பாலோர் வெளி மாவட்டங்களில் இருந்து வந்த இளம்பெண்கள்தான். அவர்கள் தங்குவதற்காக வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் கட்டப்பட்ட குடியிருப்பை 2024 ஆகஸ்ட் 17-ல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். 18,720 பேர் தங்கலாம். ஒரு பேரூராட்சிக்குச் சமம்!

இந்த நைட் ஷிப்ட் விஷயத்துக்கும் சூப்பர்ஹீரோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 28-ல் வெளியான 'லோகா: சாப்டர் 1 - சந்திரா' மலையாளப் படத்தின் நாயகி, பெங்களூருவில் ராத்திரி வேலைக்குப் போகிற ஒரு பெண். பகலில் வெளியே வரமாட்டாள். அபார சக்தி உண்டு. டொமினிக் அருண் இயக்க, துல்கர் சல்மானின் நிறுவனம் தயாரித்த இந்தப் படம், மலையாள சினிமாவின் மிகப்பெரிய வசூல் படங்களில் ஒன்றாகிவிட்டது. சந்திராவாக நடித்தவர் கல்யாணி பிரியதர்ஷன்.

இதே கல்யாணி தமிழில் அறிமுகமானதும் ஒரு சூப்பர்ஹீரோ படத்தில்தான். 2019 டிசம்பரில் வந்த சிவகார்த்திகேயனின் 'ஹீரோ'. அதில் அவர் ஹீரோவின் காதலி.

ஆறு வருஷ இடைவெளியில் காதலியிலிருந்து சூப்பர்ஹீரோ. ஒரு நடிகைக்கு ஆறு வருஷம் ஆனது. சூப்பர்ஹீரோ என்கிற கதை வகைக்கு எத்தனை வருஷம் ஆனது என்று கணக்குப் போட்டால், அது 1938-லிருந்து தொடங்குகிறது.

ஒரே வருஷம், இரண்டு காமிக்ஸ், இரண்டு பெண்கள்

முதலில் நம்ம ஊர்க் கதையைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் 40 வயதைத் தாண்டிய காமிக்ஸ் ரசிகர்களிடம் 1984 என்று சொன்னாலே முகம் மலரும். லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் இரண்டும் தொடங்கிய வருஷம் அது.

தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ், ஜேம்ஸ்பாண்டை வைத்து முதல் இதழைக் கொண்டு வந்தது. தலைப்பு, 'அழகியைத் தேடி'. சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸின் முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. ஒரு தலைப்பில் பெண், தேடப்படும் அழகி. இன்னொரு தலைப்பில் பெண்தான் கதாநாயகி, கத்தி முனையில் நிற்பதும் அவள்தான்.

மாடஸ்டி பிளைஸி 1963-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்தவள். எழுதியவர் பீட்டர் ஓ'டொன்னல், வரைந்தவர் ஜிம் ஹோல்டவே. இரண்டாம் உலகப்போரின்போது ராணுவத்தில் ஈரான் பக்கம் இருந்த ஓ'டொன்னல், அங்கே தன்னந்தனியாக அலைந்த ஓர் அகதிச் சிறுமியைப் பார்த்திருக்கிறார். அந்தச் சிறுமி வளர்ந்தால் எப்படி இருப்பாள் என்கிற யோசனைதான் பல வருஷம் கழித்து மாடஸ்டி ஆனது. பறக்கும் சக்தி, இரும்புக் கை எதுவும் கிடையாது. மூளை, சண்டைப் பயிற்சி, கூடவே வில்லி கார்வின் என்கிற நண்பன். இருவருக்கும் காதல் கிடையாது. முதலாளி அவள், தளபதி அவன். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம்.

ஆனா அதே மாடஸ்டியின் சண்டை உத்திகளில் ஒன்று என்ன தெரியுமா? எதிரிகள் இருக்கும் அறைக்குள் மேலாடை இல்லாமல் நுழைவது. அவர்கள் திகைத்து நிற்கும் ஓரிரு நொடியில் வில்லி அடித்து வீழ்த்துவான். கதைப்படி அது அவளுடைய தந்திரம். திகைத்து நிற்கிற வில்லனும் பத்திரிகையைப் புரட்டுகிற ஆண் வாசகனும் ஒரே படத்தைத்தான் பார்க்கிறார்கள் என்பது ஓவியருக்கும் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும். சூப்பர்ஹீரோ காமிக்ஸில் பலசாலிப் பெண்களுக்கு நேர்ந்த சங்கடம் மொத்தமும் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

லயனில் மாடஸ்டி தொடர்ந்து வந்தாலும், சிறுவர்களைக் கட்டிப்போட்டது ஸ்பைடர்தான். அதற்கு முன்பு, 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி. இந்த இரண்டு பேரும் பிரிட்டனில் சிறுவர்களுக்கென்றே வந்த வாரப் பத்திரிகைகளின் நாயகர்கள். அங்கே பையன்களுக்கு 'வேலியன்ட்', 'லயன்' என்று தனிப் பத்திரிகைகள், பெண் பிள்ளைகளுக்கு 'பன்ட்டி', 'டாமி' என்று தனிப் பத்திரிகைகள். பையன்கள் பத்திரிகையில் பெண் கதாபாத்திரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த அலமாரியிலிருந்து எடுத்துத்தான் நம் ஊருக்கு மொழிபெயர்த்துத் தந்தார்கள். 70, 80-களின் தமிழ் சூப்பர்ஹீரோ காமிக்ஸில் பெண்கள் அரிதாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தமிழ்ப் பெண் பிள்ளைகள் அண்ணன் வாங்கி வந்ததை இரவல் வாங்கிப் படித்தார்கள். அவர்களை மனதில் வைத்து ஒரு பக்கம்கூட வரையப்படவில்லை.

வொண்டர் வுமனை உருவாக்கிய தொழிற்சாலை காலம்

1938-ல் சூப்பர்மேன் வந்த முதல் இதழிலேயே லோயிஸ் லேன் இருக்கிறாள். பத்திரிகையாளர், துணிச்சல்காரி. இருந்தாலும் ஆபத்தில் சிக்குவதும் காப்பாற்றப்படுவதும்தான் பெரும்பாலும் அவளுக்குக் கொடுத்த வேலை. 1997-ல் தூர்தர்ஷனில் வந்த 'சக்திமான்' நினைவிருக்கிறதா? அதிலும் நிருபர் கீதா விஸ்வாஸ். அறுபது வருஷம் கழித்தும் அதே வேலை, அதே ஆபத்து! 'ஹீரோ' படத்தின் நாயகன் சின்ன வயதில் சக்திமான் ரசிகன் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தச் சங்கிலி எவ்வளவு நீளம் என்பது புரியும்.

சங்கிலியை முதலில் பெரிதாக அறுத்தவள் வொண்டர் வுமன். 1941 கடைசியில் வந்தாள். உருவாக்கியவர் வில்லியம் மார்ஸ்டன் என்கிற உளவியலாளர், வரைந்தவர் எச்.ஜி.பீட்டர். பொய் கண்டறியும் சோதனைக்காக ரத்த அழுத்தத்தை ஆராய்ந்தவர் மார்ஸ்டன். வொண்டர் வுமனின் கயிறு பட்டால் யாரும் பொய் சொல்ல முடியாது என்பது சும்மா வந்த கற்பனை இல்லை.

அவள் வந்த நேரம்தான் இங்கே முக்கியம். அமெரிக்கா போருக்குப் போன நேரம். ஆண்கள் ராணுவத்துக்குக் கிளம்ப, விமானம், கப்பல், குண்டு தயாரிக்கும் ஆலைகளில் பெண்கள் லட்சக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள். கையை மடக்கிக் காட்டும் 'ரோஸி தி ரிவெட்டர்' என்கிற பெண் தொழிலாளியின் பிம்பம் அப்போது பிறந்ததுதான். சம்பளம் வாங்கும் பெண்கள் பெருகிய காலத்தில் காமிக்ஸிலும் அடிக்கிற பெண்ணுக்கு இடம் கிடைத்தது.

அப்போதும்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. ஆண் சூப்பர்ஹீரோக்கள் சேர்ந்த 'ஜஸ்டிஸ் சொசைட்டி' குழுவில் 1942-ல் வொண்டர் வுமனைச் சேர்த்தார்கள். என்ன பொறுப்பு கொடுத்தார்கள் தெரியுமா? செகரட்டரி. ஹீரோக்கள் சண்டைக்குப் போக, தனியாளாகப் படையையே சமாளிக்கக்கூடியவள் ஆபீஸில் உட்கார்ந்து மினிட்ஸ் எழுத வேண்டும்.

போர் முடிந்தது. பெண்களை ஆலைகளிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 1947-ல் மார்ஸ்டனும் இறந்தார். அடுத்த வருஷங்களில் வொண்டர் வுமன் இதழ்களில் காதலும் கல்யாணப் பேச்சும் கூடிக்கொண்டே போனது. வரலாற்றுப் பெண்களைப் பற்றிய தொடர் பக்கத்தை எடுத்துவிட்டு, திருமணச் சடங்குகள் பற்றிய பக்கத்தைப் போட்டார்கள். 1949-ல் வந்த ஓர் அட்டைப்படத்தில், ஓடையைத் தாண்ட முடியாதவள் மாதிரி அவளைக் காதலன் ஸ்டீவ் ட்ரெவர் கையில் தூக்கிக்கொண்டு போகிறான். விமானத்தையே இழுக்கிறவள் ஓடையைத் தாண்டமாட்டாளா?

1968-ல் சக்தியையே பிடுங்கிவிட்டார்கள். துணிக்கடை நடத்தும் சாதாரணப் பெண்ணாக மாற்றினார்கள். 1972-ல் அமெரிக்கப் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர் குளோரியா ஸ்டைனமும் தோழிகளும் தொடங்கிய 'மிஸ்' பத்திரிகை, பழைய வொண்டர் வுமனை அட்டையில் பெரிதாகப் போட்டது. அடுத்த வருஷம் அவளுக்குச் சக்தி திரும்பி வந்தது.

ஃபிரிட்ஜுக்குள் ஒரு காதலி

காதலி, செகரட்டரி இரண்டையும் பார்த்தாச்சு. மூன்றாவது வேடம் கொஞ்சம் கொடூரமானது.

1994-ல் வந்த 'கிரீன் லான்டர்ன்' 54-வது இதழில் ஹீரோ வீட்டுக்கு வருகிறான். அவனுடைய காதலி அலெக்ஸாண்ட்ராவை வில்லன் கொன்று ஃபிரிட்ஜுக்குள் வைத்திருக்கிறான். அவள் சாவதற்கு ஒரே காரணம்தான்: ஹீரோவுக்குக் கோபம் வர வேண்டும்.

இதைப் படித்து எரிச்சலான ஒரு வாசகி, 1999-ல் இதுபோலக் கொல்லப்பட்ட, முடமாக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் கதாபாத்திரங்களைப் பட்டியல் போட்டு இணையத்தில் வெளியிட்டார். பெயர் கெயில் சிமோன். அப்போது அவர் தொழில் முடி திருத்துவது. பட்டியல் நீண்டுகொண்டே போனது. காமிக்ஸ் எழுதுபவர்களே பதில் சொல்ல வேண்டிய நிலை. அந்த முடி திருத்துநர் பின்னாளில் வொண்டர் வுமன் இதழுக்கே கதை எழுதினார்.

பட்டியலில் இருந்த ஒரு பெயர் பார்பரா கார்டன். பேட்கேர்ள். 1988-ல் வந்த 'தி கில்லிங் ஜோக்'கில் ஜோக்கர் அவளைச் சுடுகிறான், முதுகுத்தண்டு போய் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறாள். அந்தக் கதை அவளுடையது இல்லை. அவள் அப்பா, பேட்மேன், ஜோக்கர் மூவரின் கதை. கிம் யேல் என்கிற எழுத்தாளர், கணவர் ஜான் ஆஸ்ட்ராண்டருடன் சேர்ந்து, அதே பார்பராவைச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே கம்ப்யூட்டர் வழியாக சூப்பர்ஹீரோக்களுக்கு வழிகாட்டும் 'ஆரக்கிள்' ஆக மாற்றினார். தூக்கிப் போட்ட பாத்திரத்தை ஒரு பெண் எடுத்துத் தைத்துக் கொடுத்த மாதிரி.

உடம்பை வரையும் விதம் இன்னொரு தகராறு. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நேரத்தில் தெரிகிற மாதிரி இடுப்பை முறுக்கி நிற்கும் பெண் ஹீரோக்களைப் பார்த்திருப்பீர்கள். மனித முதுகெலும்பு அப்படி வளையாது. 2012-ல் ரசிகர்கள் சிலர் அதே போஸ்களில் 'ஹாக்ஐ' என்கிற ஆண் ஹீரோவை வரைந்து இணையத்தில் போட்டார்கள். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெண்ணுக்கு வரைந்தபோது யாருக்கும் ஏன் சிரிப்பு வரவில்லை என்பதுதான் அவர்கள் கேட்காமல் கேட்ட கேள்வி. 2016 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபை வொண்டர் வுமனைப் பெண்கள் முன்னேற்றத்துக்கான கௌரவத் தூதராக அறிவித்தபோதும் இந்த உடைப் பிரச்சினை வெடித்தது. ஐ.நா. ஊழியர்களே எதிர்த்தார்கள். சுமார் 45 ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். டிசம்பரில் அந்தப் பதவி முடிவுக்கு வந்தது.

பக்கத்து ஊர் நீலி

இப்போது மறுபடி நம்ம பகுதிக்கே வருவோம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து திருவள்ளூர் போய், இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் திருவாலங்காடு. அதை ஒட்டிய ஊர் பழையனூர். தமிழில் 'நீலி' என்றாலே நினைவுக்கு வரும் ஊர் இது.

கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. சுருக்கம் இதுதான்: கணவன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். அவள் பேயாக வருகிறாள். அடுத்த பிறவியில் வணிகனாக வரும் அவனைப் பின்தொடர்ந்து, கையில் குழந்தையோடு பழையனூர் சபையில் அழுகிறாள், "இவர் என் கணவர், என்னை விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறார்" என்று. ஊர்ப் பெரியவர்களான வேளாளர் 70 பேர் அவளை நம்பி, "உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு" என்று வணிகனுக்கு வாக்குக் கொடுத்து அவளோடு அனுப்புகிறார்கள். ராத்திரி அவனைக் கொன்றுவிட்டு அவள் மறைந்துவிடுகிறாள். வாக்குக் கொடுத்த 70 பேரும் தீயில் இறங்கி உயிர் விடுகிறார்கள்.

ஃபிரிட்ஜ் கதையைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கொல்லப்பட்ட பெண்ணுக்காக ஹீரோ பழிவாங்குவதில்லை, கொல்லப்பட்டவளே திரும்பி வருகிறாள். இவ்வளவு வலுவான கதையிலிருந்து தமிழ் எதை எடுத்து வைத்துக்கொண்டது? 'நீலிக்கண்ணீர்' என்கிற ஒரு சொல்லை. பொய் அழுகைக்குப் பெயர். முதல் கொலையைச் செய்தவனின் பெயரில் எந்தச் சொல்லும் இல்லை.

ஜேம்ஸ்பாண்ட், மாயாவி காலத்து ரசிகர்கள் இன்னொருவரையும் மறந்திருக்க மாட்டார்கள், முகமூடி போட்ட 'ஃபாண்டம்'. தமிழில் அவர் வேதாளர். அதுவும் பேயின் பெயர்தான். ஆண் என்பதால் 'ர்' விகுதியோடு மரியாதை!

பழைய தமிழ்ப் புலவர் ஒருவருக்கு நீலி மேல் வேறு பார்வை இருந்தது. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசியின் நாயகி இதே பழையனூர்ப் பேய்தான். சமண முனிவரைப் பயமுறுத்த வந்து, அவர் பேச்சைக் கேட்டு மனம் மாறி, ஊர் ஊராகப் போய் மற்ற சமய அறிஞர்களோடு வாதம் செய்து வெல்கிறாள். அவளுடைய சூப்பர் பவர், தர்க்கம். சமணத்தை உயர்த்துவதற்காக எழுதிய நூல் என்பது உண்மைதான். ஆனாலும் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு தமிழ் நூலில், ஒரு பெண் அழகால் இல்லாமல் கேள்வியால் சபைகளை ஜெயிக்கிறாள். உடம்பைப் பற்றிச் சொல்வதானால், தன் அழகு தேவையில்லை என்று உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கிய காரைக்கால் அம்மையார் வந்து சேர்ந்த தலமும் இதே திருவாலங்காடுதான்.

'லோகா' எடுத்துக்கொண்டது இன்னொரு நீலியை. கள்ளியங்காட்டு நீலி. கேரளத்துக் கதை என்று சொன்னாலும், கள்ளியங்காடு இருப்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில். நாட்டார் கதையில் ராத்திரி வழிப்போக்கர்களைக் கொல்லும் யட்சி. மந்திரவாதப் பாதிரியார் கடமற்றத்து கத்தனார் அவளை அடக்குவதாகக் கதை போகும். படம் அதைத் திருப்பிப் போட்டது. அரசனின் ஆட்களால் தன் மக்களை இழந்த பழங்குடிச் சிறுமியாக அவளைக் காட்டியது. ஆபத்தில் மாட்டிக் காப்பாற்றப்படும் வேலை பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போய்விட்டது. பெண் என்றாலே எரிந்து விழும் போலீஸ் அதிகாரியாக நம்ம சாண்டி மாஸ்டர். திரைக்கதையில் இயக்குநரோடு பங்களித்தவர் சாந்தி பாலச்சந்திரன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பேனா யார் கையில்?

ஏனென்றால், மாற்றம் வந்த இடங்களில் எல்லாம் பேனா கை மாறியிருக்கிறது. 2014-ல் தனி இதழ் கண்ட 'மிஸ் மார்வெல்' கமலா கான், நியூ ஜெர்சியில் வாழும் பாகிஸ்தான் வம்சாவளிப் பள்ளி மாணவி. அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஆசிரியர் சனா அமானத்தும் எழுத்தாளர் ஜி. வில்லோ வில்சனும். கமலாவின் உடை முழு உடம்பையும் மூடும் நீச்சல் உடையிலிருந்து வந்தது. அம்மா திட்டுவாரோ என்று பயப்படும் சூப்பர்ஹீரோ அவள். நம் வீட்டுப் பிள்ளை மாதிரி.

இந்தியாவில் பேசப்பட்ட முயற்சி 'பிரியாவின் சக்தி'. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, திரைப்படக் கலைஞர் ராம் தேவினேனி குழுவினர் 2014-ல் வெளியிட்டது. வன்கொடுமைக்கு ஆளான கிராமத்துப் பெண் பிரியா, துரத்திய புலியையே அடக்கி அதன் மேல் ஏறி ஊருக்குத் திரும்புகிறாள். அடுத்த இதழ்களில் ஆசிட் வீச்சு, பெண் கடத்தல் என்று போனது. நல்ல முயற்சி, சந்தேகமில்லை. ஒரு நெருடல் மட்டும் உண்டு. பெண் சூப்பர்ஹீரோ ஆக வேண்டுமென்றால் முதலில் அவளுக்கு ஒரு கொடுமை நடந்தாக வேண்டுமா? ஸ்பைடர்மேனை ஒரு சிலந்தி கடித்தால் போதும்.

ராத்திரி என்றால் பேய்க்கும் பேட்மேனுக்கும் மட்டும்தான் என்று கதைகள் சொல்லலாம். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-வது பிரிவும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னது. இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை ஆலை வேலையில் வைக்கக் கூடாது என்பது அதன் பொது விதி. 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்து, போக்குவரத்து, பாதுகாப்பு போன்ற நிபந்தனைகளோடு அனுமதித்தது. ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ராத்திரி ஓடும் கம்பெனி பஸ்களுக்குப் பின்னால் இந்தத் தீர்ப்பும் இருக்கிறது.

2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் சக தொழிலாளிகள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டபோது, இதே பெண்கள் ராத்திரி நேரத்தில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். லாரிகளின் ஹெட்லைட் வெளிச்சத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள். காமிக்ஸில் இரண்டு பக்கத்துக்கு ஒரே படமாக வரைய வேண்டிய காட்சி. யாருக்கும் முகமூடி கிடையாது, முறுக்கிய இடுப்பு கிடையாது.

'லோகா' இரண்டாம் பாகத்தின் அறிவிப்பு 2025 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. இந்த முறை நாயகன், டொவினோ தாமஸ்.